தேடும் பொறியும் தேடுவோரின் அந்தரங்கமும்

மனிதனுக்கு அறிவு வளர்ந்த வழி கேள்வியே. ஏன், எப்படி, யார் சொன்னது என்று கேட்கத் துணிந்தவர்களாலேயே உலகம் இருளினின்றும் வெளிப்போந்தது. ஆயினும் எல்லாக் கேள்விகளும் நாலு பேர் நடுவே கேட்கத் தக்கவை அல்ல. உடம்பில் தோன்றிய கட்டியைப் பற்றி அறிய விரும்பும் தாயும், கடன் தொல்லையினின்று மீள வழி தேடும் தொழிலாளியும், தான் பிறந்த மதத்தின்மீது ஐயங்கொண்ட இளைஞனும் தத்தம் கேள்வியை முதலில் தனிமையிலேயே கேட்க விரும்புவர். அந்தத் தனிமைக்குப் பெயர் அந்தரங்கம். அஃது ஒழுக்கக் கேட்டை மூடும் திரையன்று. அறிவு முளைக்கும் நாற்றங்கால். இந்த நாற்றங்கால் நம் காலத்தில் எவ்வாறு பிறர் கைக்குப் போயிற்று என்பதை ஆண்டு வரிசையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதம் பிரித்தவர்கள்

பிறர் அந்தரங்கத்தில் நுழைவது புதிய வழக்கமன்று. ஆனால் முன்னாளில் அதை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நாம் நினைவு கூர்தல் நலம்.

1844-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் விடுதலைக்காகப் பாடுபட்டு, நாடு கடந்து இலண்டனில் வாழ்ந்து வந்த மாஜினி என்பார், தமக்கு வரும் கடிதங்களை வழியில் எவரோ பிரித்துப் படிக்கின்றனர் என்று ஐயுற்றார். கடித உறைக்குள் கசகசா விதைகளையும் மணல் துகள்களையும் இட்டு அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். கடிதங்கள் வந்து சேர்ந்தன. உள்ளே இட்டவை வந்து சேரவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் தாமஸ் டங்கோம்ப் என்னும் உறுப்பினர் இதைப் பற்றிய மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார். உள்நாட்டு மந்திரி சர் ஜேம்ஸ் கிரஹாம் பிறப்பித்த உத்தரவின்பேரில் தபால் இலாகாவே கடிதங்களைப் பிரித்தது என்பது வெளியாயிற்று. அவற்றில் கண்ட செய்திகளின் சாரம் ஆஸ்திரிய அரசாங்கத்துக்கும் தெரிவிக்கப்பட்டது.

நாடு கொதித்தெழுந்தது. பத்திரிகைகள் கண்டித்து எழுதின. நகைச்சுவைப் பத்திரிகையாகிய 'பஞ்ச்' மந்திரியைக் கேலிச் சித்திரமாக்கியது. பிறர் கடிதத்தைப் பிரிப்பது பிறர் சட்டைப்பையில் கை விடுவதற்கு நெருங்கிய உறவு என்ற கருத்துப்பட அறிஞர் கார்லைல் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார். இரு சபைகளும் விசாரணைக் கமிட்டிகள் அமைத்தன. தபால் நிலையத்தில் நெடுங்காலமாக நடந்து வந்த இரகசியப் பகுதி மூடப்பட்டது. ஒருவர் சிலருடைய கடிதங்கள் சில மாதங்கள் பிரிக்கப்பட்டதற்கு ஒரு நாடே நாணிற்று என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

கடிதத்துக்கு இருந்த மரியாதை புத்தகசாலைக்கும் இருந்தது. வாசகர் ஒருவர் என்ன நூல் கேட்டார், எதைப் பற்றி விசாரித்தார் என்பதைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்பதை அமெரிக்க நூலகர் சங்கம் 1930-களின் இறுதியிலேயே தன் ஒழுக்க விதிகளில் சேர்த்தது. கேள்வி கேட்டு வந்தவருக்கு விடையுள்ள அலமாரியைக் காட்டுபவர் நூலகர். இன்று அவ்வேலையை உலக முழுவதுக்கும் செய்வது தேடுபொறி. நூலகருக்கு இருந்த அவ்விதி தேடுபொறிக்கும் உண்டா என்பதே நம் கேள்வி.

இலவசமாக வந்த வழிகாட்டி

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் கூகுள் கம்பெனியை நிறுவினர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அவ்வாறு சுட்டும் பக்கங்கள் எத்தகைய மதிப்புடையன என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவதே அவர்கள் கண்ட முறை. தொடக்கத்தில் கேட்பவர் யார் என்பது அதற்குப் பொருட்டன்று. கேள்வி ஒன்றானால் விடையும் பெரும்பாலும் ஒன்றே. செல்வனுக்கும் கூலியாளுக்கும் ஒரே பதிலைத் தந்த அந்நிலை, உண்மையில் ஒரு சமத்துவம்.

அதே ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில், விளம்பரப் பணத்தால் நடைபெறும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், கேட்பவர் நலத்தினின்று விலகும் என்று எழுதினர். எழுதி மூன்று ஆண்டுகள் கழியுமுன், 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அவர்களுடைய கம்பெனியே கேள்விச் சொல்லுக்கு ஏற்ற விளம்பரத்தை விடையின் பக்கத்தில் காட்டும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கம்பெனியின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. கேட்பவரிடம் காசு வாங்காத தொழில் ஆண்டுதோறும் கோடி கோடியாக இலாபம் காட்டியது. காசு கொடுத்தவர் விளம்பரதாரர். ஆகவே வாடிக்கைக்காரர் அவரே. கேட்க வந்த நாம் அக்கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்ட சரக்கானோம்.

இதை நம்மவர்க்கு விளக்க நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. மலாயாத் தோட்டங்களில் கங்காணி என்ற பெயரைக் கேளாதார் இல்லை. அது கண்காணி என்பதன் திரிபு. தமிழ்நாட்டினின்று ஆட்களைச் சேர்த்துக் கொணர்ந்த கங்காணிக்கு, அவருடைய ஆட்களில் அன்றாடம் வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் கணக்கிட்டுத் தலைக்காசு கொடுக்கப்பட்டது. தலையை எண்ணினால் காசு. ஆதலால் அவர் கண்ணை எடுக்காமல் எண்ணினார். யார் வந்தான், யார் படுத்துவிட்டான், யார் வேறு தோட்டத்துக்கு ஓட எண்ணுகிறான் என்பதெல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டியவை. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததோடு அந்த ஆள்சேர்ப்பு முறை ஓய்ந்தது.

தேடுபொறிக் கம்பெனி பெறுவதும் ஒருவகைத் தலைக்காசே. விளம்பரத்தைத் தட்டும் ஒவ்வொரு விரலுக்கும் அதற்குப் பணம் உண்டு. எந்த விரல் எதைத் தட்டும் என்று முன்கூட்டி அறிந்தால் பணம் இன்னும் மிகும். அறிவதற்கு வழி, கண்ணை எடுக்காதிருப்பது. கங்காணியின் கண்ணையாவது நம் முன்னோர் நேரே பார்த்தனர். அவர் தூரத்தே வரும்போது பேச்சை நிறுத்திக் கொள்ளவும் முடிந்தது. இந்தக் கண்ணுக்கு உருவமில்லை.

படிப்படியாகப் போன உரிமை

எவரும் ஒரே நாளில் இவ்வுரிமையைப் பறிக்கவில்லை. சௌகரியம் என்ற பெயரில் ஒவ்வொரு படியாகவே அது போயிற்று. அப்படிகளை வரிசையாகக் காண்போம்.

இணையத்தின் ஆதி அமைப்பில் நினைவு என்பது இல்லை. ஒரு பக்கம் பார்த்தவர் மறுபக்கம் கேட்டால், முன்பு வந்தவர்தாம் இவர் என்று பக்கத்தை அனுப்பும் கணினிக்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பணிபுரிந்த லூ மொண்டுல்லி என்பார் இக்குறையைத் தீர்க்க 'குக்கி' எனப்படும் சிறு குறிப்புச் சீட்டை அமைத்தார். கணினி தரும் அச்சீட்டு நம் இயந்திரத்தில் தங்கும். மறுமுறை நாம் போகும்போது அது காட்டப்படும். கடையில் வாங்குவோர் கூடையில் இட்ட சாமான் மறைந்து போகாதிருக்க இது உதவிற்று. ஆனால் கூடையை நினைவில் வைத்த சீட்டே ஆளையும் நினைவில் வைக்கப் பயன்பட்டது.

2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் கூகுள் ஜிமெயில் என்னும் அஞ்சல் வசதியை அளித்தது. அதுகாறும் பெயரின்றித் தேடியவர்கள் பெயர் கொடுத்து உள்ளே நுழையும் பழக்கம் அதனால் பரவியது. 2005-இல், அவ்வாறு நுழைந்தவர்களுடைய பழைய தேடல்களை வைத்து விடைகளின் வரிசையை மாற்றும் முறை வந்தது. ஆப்பிள் என்று கேட்டால், பழம் விற்பவருக்குப் பழமும், கணினி வாங்குவோருக்கு அப்பெயருடைய கம்பெனியும் முன்னே வரும் என்பது இதன் கருத்து. வசதியே, மறுப்பதற்கில்லை. ஆனால் விடையை ஆளுக்கேற்றபடி தைக்க வேண்டுமானால் ஆளை முதலில் அளவெடுக்க வேண்டும். அளவெடுத்த தையற்காரர் அளவுப் புத்தகத்தை என்ன செய்கிறார் என்று கேட்டவர் அன்று சிலரே.

2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் டபிள்கிளிக் என்னும் விளம்பரக் கம்பெனியை 310 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. 2008 மார்ச்சில் அது முடிவுற்றது. டபிள்கிளிக்கின் குறிப்புச் சீட்டுகள் எண்ணிறந்த செய்தித் தளங்களிலும் கடைத் தளங்களிலும் இருந்தன. எனவே ஒருவர் கேட்டதை அறிந்திருந்த கம்பெனிக்கு, அவர் பிற இடங்களில் படித்ததை அறியும் கருவியும் கிட்டியது.

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மற்றொரு பெரிய படி ஏறப்பட்டது. பெயர் கொடுத்து நுழையாதவர்களுக்கும் விடைகள் ஆளுக்கேற்ப மாற்றப்படும் என்று அன்று அறிவிக்கப்பட்டது. குக்கியைக் கொண்டு 180 நாள் வரையிலான தேடல்கள் இதற்குக் கணக்கிடப்பட்டன. விரும்பியவர் வேண்டாமென்று அணைத்து வைக்கலாம். ஆனால் எவரிடமும் முன்கூட்டிச் சம்மதம் கேட்கப்படவில்லை. வேண்டும் என்பவன் கேட்டுப் பெறும் நிலை மாறி, வேண்டாம் என்பவன் தேடிச் சென்று தடுக்கும் நிலை வந்தது.

2012-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் முதல் அக்கம்பெனியின் 60-க்கு மேற்பட்ட தனித்தனி விதிமுறைகள் ஒன்றாக்கப்பட்டன. தேடியதும், கடிதம் எழுதியதும், பார்த்த படமும், போன வழியும் ஒரே புத்தகத்தில் ஒரே பெயரின் கீழ் எழுதத் தகுந்தவையாயின. அப்போதும் டபிள்கிளிக்கின் விளம்பரக் குறிப்புகள் ஆளின் பெயரோடு சேராமல் தனியே இருந்தன. 2016-ஆம் ஆண்டு ஜூனில் விதிமுறை திருத்தப்பட்டு அந்தச் சுவரும் இடிக்கப்பட்டது.

பெயரில்லாத கேள்விகள்

பெயரை நீக்கிவிட்டால் என்ன தீங்கு என்று சிலர் கேட்பர். இதற்கு 2006-ஆம் ஆண்டு விடை அளித்திருக்கிறது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்கக் கம்பெனி, ஆராய்ச்சியாளர்க்கு உதவும் பொருட்டு, சுமார் 650,000 பேர் மூன்று மாதங்களில் கேட்ட ஏறத்தாழ 2 கோடி கேள்விகளை வெளியிட்டது. பெயர்களை நீக்கி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டும் தரப்பட்டது. சில நாட்களிலேயே கம்பெனி தவற்றை உணர்ந்து பட்டியலை அகற்றியது. ஆனால் அதற்குள் பலர் பிரதி எடுத்துவிட்டனர். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர்கள் ஓர் எண்ணின் கீழிருந்த கேள்விகளைக் கோத்துப் பார்த்து, அதைக் கேட்ட மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டனர். பெயரை எவரும் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விகளே அவரைக் காட்டிக் கொடுத்தன.

இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. அம்மூதாட்டி பல நோய்களைப் பற்றி விசாரித்திருந்தார். அவற்றுட் பல அவருக்கு வந்தவை அல்ல. சிநேகிதிகளின் கவலையைத் தீர்க்கத் தேடியவை. அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கும் இன்சூரன்சுக்காரர் அவரைத் தீராத நோயாளி என்றே தீர்மானித்திருப்பார். ஆகவே கேள்விப் பட்டியல் நம் உண்மையை வெளியிடுவதோடு, நம்மைப் பற்றிப் பொய்யும் சொல்லக் கூடியது. அந்தப் பொய்யை மறுக்க நமக்கு வாய்ப்பும் கிடையாது. அது சொல்லப்பட்டது என்பதே நமக்குத் தெரியாது.

சேர்த்து வைத்த இடத்தை அரசாங்கமும் நாடும் என்பதற்கும் அவ்வாண்டே சான்று. சட்டம் ஒன்றை நீதிமன்றத்தில் ஆதரிக்கும் பொருட்டு அமெரிக்க நீதி இலாகா நான்கு தேடுபொறிக் கம்பெனிகளிடம் தேடல் விவரங்களைக் கேட்டிருந்தது. மூன்று கம்பெனிகள் ஏதோ ஓர் அளவில் இணங்கின. கூகுள் மறுத்து வழக்காடிற்று. 2006 மார்ச்சில், மக்கள் கேட்ட கேள்விகளைத் தர வேண்டியதில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். இப்பெருமையைக் கூகுளுக்கு நாம் மறுக்கலாகாது. ஆனால் 2013 ஜூனில் எட்வர்டு ஸ்நோடன் வெளியிட்ட இரகசியப் பத்திரங்கள், அமெரிக்க வேவு இலாகாவின் 'பிரிசம்' திட்டத்தில் கூகுள் உள்ளிட்ட பெருங்கம்பெனிகளின் பெயர்களைக் காட்டின. தம் கணினிகளில் நேரே நுழைய அனுமதித்ததில்லை என்று கம்பெனிகள் மறுத்தன. நேரேயோ, சட்ட உத்தரவின் வழியாகவோ, களஞ்சியம் ஒன்று இருந்தால் அதன் கதவைத் தட்டுவோர் வந்தே தீருவர் என்பது தெளிவு.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

2009 டிசம்பரில் கூகுளின் தலைமை நிர்வாகியாக இருந்த எரிக் ஷ்மிட், பிறர் அறியக்கூடாத காரியம் ஒன்று உண்டானால் அதைச் செய்யாதிருப்பதே முறை என்ற பொருள்படத் தொலைக்காட்சியில் பேசினார். இந்த வாதம் நம்மிடையேயும் வழங்குகிறது. நேர்மையானவனுக்கு அச்சம் எதற்கு என்கிறார்கள்.

நேர்மையானவன் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறான், அவன் குற்றவாளியா? சங்கத்தில் சேரலாமா என்று எண்ணும் தொழிலாளி அதை முதலாளியிடம் சொல்லிவிட்டா எண்ணத் தொடங்குவான்? சாதி கடந்து மணம் செய்ய விழையும் பெண், சட்டம் தனக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதை வீட்டார் முன்னிலையிலா கேட்பாள்? இவர்கள் செய்வது குற்றமன்று. ஆயினும் இவர்களுக்குத் தனிமை தேவை. வழக்கத்துக்கு மாறான ஒவ்வொரு நல்ல எண்ணமும் முதலில் இரகசியமாகவே பிறந்தது என்பதைச் சீர்திருத்த வரலாறு படித்தவர் அறிவர்.

யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைவே கேள்வியைக் கொல்லும். ஸ்நோடன் வெளியிட்ட செய்திகளுக்குப் பின், பயங்கரவாதம் தொடர்பான தலைப்புகளில் விக்கிப்பீடியாக் கட்டுரைகளைப் படிப்போர் தொகை குறைந்தது என்று ஜோனதன் பென்னி என்னும் சட்ட அறிஞர் 2016-இல் வெளியான ஆராய்ச்சியில் காட்டினார். அக்கட்டுரைகளைப் படிப்பது குற்றமன்று. எவரும் எவரையும் தடுக்கவுமில்லை. மக்கள் தாமே பின்வாங்கினர். தணிக்கை அதிகாரி இல்லாமலே தணிக்கை நடந்தது.

சட்டமும் நாமும்

இந்நிலைக்கு மாற்று இல்லாமலில்லை. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சஃபாரி உலாவியைப் பயன்படுத்துவோரின் விருப்பத்துக்கு மாறாகக் குக்கி இட்டதற்காகக் கூகுள் 2 கோடியே 25 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. 2014 மே 13-இல் ஐரோப்பிய நீதிமன்றம், தன் பெயரைத் தேடினால் வரும் பழைய செய்திச் சுட்டுகளைத் தக்க காரணம் இருந்தால் அகற்றக் கோரும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2018 மே மாதம் ஐரோப்பாவின் பொதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி, விளம்பரத்துக்கான சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்று 2019 ஜனவரியில் பிரெஞ்சு அதிகாரிகள் 5 கோடி யூரோ அபராதம் விதித்தனர். தடம் பதியாது என்று மக்கள் நம்பிய மறைமுக உலாவல் முறையிலும் விவரம் சேர்க்கப்பட்டது என்ற வழக்கு 2020-இல் தொடுக்கப்பட்டு, 2024-இல் பழைய பதிவுகளை அழிக்கக் கம்பெனி இசைந்ததோடு முடிந்தது.

நம் பகுதியிலும் சட்டங்கள் உண்டு. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் 2012-இல் இயற்றிய சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. இரண்டும் வியாபாரிகளைக் கட்டுப்படுத்துவன. அரசாங்க இலாகாக்கள் அவற்றின் வரம்புக்குள் அடங்கா. இக்குறையை நம் சங்கங்களும் பத்திரிகைகளும் எடுத்துப் பேச வேண்டும்.

சட்டம் வரும்வரை கை கட்டி இருக்க வேண்டுவதில்லை. கேட்பவரைப் பற்றிக் குறிப்பெடுப்பதில்லை என்ற கொள்கையோடு 2008-இல் தொடங்கிய டக்டக்கோ போன்ற தேடுபொறிகள் உள்ளன. அவையும் விளம்பரத்தால் வாழ்கின்றன, ஆனால் கேட்ட சொல்லுக்கு மட்டும் விளம்பரம் காட்டுகின்றன. ஆளை அளவெடுக்காமலும் இத்தொழில் நடத்தலாம் என்பதற்கு அதுவே சாட்சி. கூகுளைப் பயன்படுத்துவோரும் தம் கணக்கின் அமைப்புக்குள் சென்று தேடல் பதிவை நிறுத்தலாம். பழைய பதிவை அழிக்கலாம். இதைச் செய்யத் தெரிந்த இளைஞர்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் தம் பெற்றோருடைய கைப்பேசிகளில் செய்து கொடுப்பது அரைமணி நேர வேலை. ஆனால் அஃது அரைத் தீர்வே. ஒவ்வொருவனும் தன் வீட்டுத் திண்ணைக்கு வேலி கட்டுவதால் ஊருக்குக் காவல் வந்துவிடாது.

முன் எழுப்பிய கேள்விக்கு இனி விடை கூறலாம். நூலகரைக் கட்டிய விதி தேடுபொறியைக் கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது நம் கடமை. மாஜினியின் கடிதங்களுக்காகக் கொதித்தவர்களிற் பெரும்பாலோர் அவரை நேரில் அறியாதவர். அவர் கொள்கையை ஏற்காதவரும் பலர். பிறன் கடிதம் பிரிக்கப்பட்டால் நாளை தன் கடிதமும் பிரிக்கப்படும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. நமக்கு வேண்டுவதும் அவ்வறிவே. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், எதையும் எவரையும் கேளாமல் தெரிந்துகொள்ளலாம் என்ற நிலைக்கு ஏழைத் தமிழன் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்து சேர்ந்த இடத்தில் அவன் கேட்கும் ஒவ்வொன்றையும் ஒருவன் கணக்கெழுதிக் கொண்டிருப்பானேயானால், அவன் அடைந்த விடுதலை குறைப்பட்ட விடுதலையே. கேட்கும் உரிமையோடு, தனியே கேட்கும் உரிமையையும் நாம் கோரிப் பெறுவோமாக.